சொந்தக் கூந்தல்

வீரபாண்டியில் அம்மன் திருவிழாக் கம்பம் நட்டுவிட்டார்கள் என்ற சேதியை ஓடைப்பட்டிக்குக் கொண்டுவந்தவன் வளையல்காரன். காட்டுப் பாதையில் போகிறபோக்கில், "கம்பம் நட்டாச்சு தாயி, முல்லையாத்துத் தண்ணி ஊத்த ஆரம்பிச்சிட்டாக" என்று சொல்லிவிட்டு அவன்பாட்டுக்குப் போய்விட்டான். பருத்தி எடுத்துக்கொண்டிருந்த மாயக்காளின் கை நின்றது. கடைசி எடுப்பு அது. வெடித்த காய் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, அதைக் கிள்ளி மடியில் போடாமல் நின்றாள்.

அடுத்த நிரையில் அவளுடைய மதினி பஞ்சம்மாள், அண்ணன் அம்மாவாசியின் பெண்சாதி. அடுத்த தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று இங்கிருந்தே சொல்லுகிறவள். பக்கத்து நிரையில் நாத்தனார் கை நின்றது தெரியாமல் போகுமா?

"இது எத்தனாவது சித்திரை மாயி?"

"மூணாவது."

"ரெண்டு வருசம் பொறுத்துட்டா. இனிப் பொறுக்கமாட்டா."

"கைய ஓட்டு மதினி. வெயில் ஏறுது."

"நான் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நின்னது உன் கை."

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முந்தி மாயக்காளின் மகள் முத்துப்பேச்சிக்கு அம்மை போட்டது. நாலு வயசுப் பிள்ளை. கண்ணுக்குள் முத்து விழுந்துவிட்டது என்று பார்க்க வந்தவர்களெல்லாம் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். புருஷன் குருசாமி ஊரில் இல்லை. வேப்பிலையும் கையுமாகத் தனியே உட்கார்ந்திருந்த மாயக்காள், வீரபாண்டி கௌமாரியம்மன் இருக்கிற திசையைப் பார்த்து நேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் ஆயிரங்கண் பானை எடுப்பார்கள், அக்கினிச்சட்டி எடுப்பார்கள், கிடாய் நேர்ந்துவிடுவார்கள். இவள் அதையெல்லாம் விட்டுவிட்டு, "எம்புள்ள கண்ணத் தொறந்து என்னையப் பாத்தா, அவ அய்யா முடிய உனக்குத் தாரேன்" என்று சொல்லிவிட்டாள். நேர்ந்தது ஒருத்தி, தலை இன்னொருத்தருடையது. புருஷன் தலைக்கு மொட்டை நேர்வது ஊர் உலகத்தில் நடக்காத காரியமில்லைதான். ஆனால் குருசாமியின் தலை லேசுப்பட்ட தலையா?

குருசாமி மதுரையில் ஒரு நாடகக் கம்பெனியில் ஸ்திரீபார்ட். தை பிறந்ததும் கம்பெனி மதுரையில் கொட்டகை போடும். ஆனி பாதி வரைக்கும் வாரத்தில் பாதி நாள் ஆட்டம் இருக்கும். மற்ற ஊரில் எல்லாம் ஸ்திரீபார்ட் என்றால் மூஞ்சியைச் சிரைத்து, தலையில் டோப்பா மாட்டிக்கொண்டு மேடைக்கு வருவான். குருசாமிக்கு டோப்பா வேண்டாம். அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே விழும். கம்பெனி முதலாளி நோட்டீஸ் அடிக்கும்போதே, "ஓடைப்பட்டி குருசாமி சொந்தக் கூந்தலுடன் தோன்றுவார்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுவார். அதைப் பார்ப்பதற்கென்றே ஜனம் வந்தது. ஊர் திரும்பி ஆடியில் ஏர் பூட்டுகிறபோது அந்தக் கூந்தலை அள்ளி முடிந்து, மேலே துண்டைச் சுற்றி உருமாலாகக் கட்டிக்கொள்வான். ஒருநாள் துண்டில்லாமல் கிணற்றடியில் தலை காயவைத்துக்கொண்டிருந்தபோது, பின்பக்கமாக வந்த பண்டாரம் ஒருவன் "கஞ்சி ஊத்து ஆத்தா" என்று கேட்டதை ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்தது. அந்த ஆனியில் குருசாமி வந்தபோது மாயக்காள் நேர்ச்சையைச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அடுத்த சித்திரைக்குப் பாப்பம்" என்றான். அடுத்த சித்திரை வந்தது, கம்பெனியில் புது நாடகம் என்றான். அதற்கடுத்த சித்திரைக்கு அதுவும் சொல்லவில்லை.

வேறு எதுவும் நேர்ந்திருக்கலாமே, ஏன் அதைப்போய் நேர்ந்தாய் என்று கேட்டால், "வீட்டுல இருந்ததுலயே ஒசத்தியானது அதுதான. ஒசத்தியானதத்தான குடுக்கணும்" என்பாள். முடி போனால் ஆள் வீட்டோடு இருப்பான் என்ற நினைப்பு அப்போது மனசின் ஓரத்தில் இருந்ததா, இல்லையா? அவளுக்கே தெரியாது. என்னைக் கேட்டால், இருந்தால்தான் என்ன என்பேன். விதைக்க இருந்த ஆள் எடுக்க இருப்பதில்லை. பொங்கலுக்கு மறுநாள் போனால் அரை வருஷம் வீடு வெறிச்சென்று கிடக்கும். அவன் சீப்பில் சிக்கின முடியை உருட்டிச் சுவர்ப் பொந்தில் செருகி வைத்திருப்பாள். முடிக்கு ஊசி கொடுக்கிறவன் தெருவில் கூவிக்கொண்டு வந்தால் தன் முடியைப் போட்டு ஊசி வாங்குவாள். புருஷன் முடியைக் கொடுக்கமாட்டாள். கை சும்மா இருக்கும்போது பொந்திலிருந்து எடுத்து மோந்து பார்ப்பாள். அவளுக்குப் புருஷன் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த வருஷம் அம்மன் கடனை ஊரே எடுத்துச் சொல்லிற்று. பருத்தியில் காய் சொத்தை விழுந்தது, நேர்ச்சை பாக்கி. ஏரில் இடப்பக்கம் பூட்டுகிற மாடு நொண்டியது, நேர்ச்சை பாக்கி. கடைசியில் முத்துப்பேச்சிக்குக் கண் சிவந்து பீளை தள்ளியது. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த வெயிலில் கண்வலிதான். ஆனால் அன்றைக்கு முத்து விழுந்த அதே கண் என்று பஞ்சம்மாள் சொன்னபோது மாயக்காள் பிள்ளையை வெளிச்சத்துக்கு இழுத்துக் கண்ணைப் பிரித்துப் பார்த்தாள். பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி விட்டு, நந்தியாவட்டை வைத்துக் கட்டி, சிவப்பு மட்டுப்பட்டதும் அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"அண்ணே, மதுரைக்குக் கூட்டிட்டுப் போ."

அம்மாவாசி கம்பங்கூழைக் குடித்துக்கொண்டிருந்தவன் சட்டியைக் கீழே வைத்தான். இந்தப் பேச்சுக்காகவே மூன்று வருஷம் காத்திருந்தவன் அவன். தங்கச்சி புருஷன் சேலை கட்டி ஆடுகிறான் என்று சந்தையில் எவனாவது சொன்னால் அவனுக்குத் துண்டு தோளில் நிற்காது.

"கூட்டிட்டுப் போறேன். கழுத்துல துண்டப் போட்டு இழுத்தாறேன் பாரு."

"இழுக்கவெல்லாம் வேணாம். சொன்னா வருவாக."

"இம்புட்டு நாளு சொல்லித்தான பாத்த?"

சின்னமனூர் வரைக்கும் வண்டி, அங்கிருந்து தேனிக்கு பஸ், தேனியிலிருந்து ரயில். போடி லைனில் ரயில் ஓட ஆரம்பித்து நாலைந்து வருஷந்தான் ஆகியிருந்தது. மாயக்காள் முதல் தடவையாக ஏறினாள். முத்துப்பேச்சியை மடியில் இடுக்கிக்கொண்டு ஜன்னலை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தாள். புளிச்சோறும் கருவாட்டுத் துண்டும் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் ரயில் முக்கி முக்கி ஏறியபோது அம்மாவாசி பொட்டலத்தைப் பிரித்தான்.

"இம்புட்டுத் தூரமா?" என்றாள் மாயக்காள்.

"மதுரைன்னா பின்ன?"

"வருசா வருசம் இம்புட்டுத் தூரமா போறாக?"

"போறதுக்கு என்ன, ரயிலுதான போகுது. நீ தின்னு."

அவள் தின்னவில்லை. மதுரை என்பது அவளுக்கு இத்தனை நாளும் ஒரு பேர். அது இவ்வளவு மலையும் பொட்டலும் தாண்டி இருக்கிற இடம் என்று தெரிந்தபோது, அங்கே போய்விட்டுத் திரும்பி வந்த ஒவ்வொரு ஆனிக்காகவும் புருஷன்மேல் இரக்கம் வந்தது. கூடவே, இவ்வளவு தூரம் போகிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது என்ற எரிச்சலும் வந்தது.

மதுரையில் அழகர் ஆற்றில் இறங்க வரும் சமயம். சத்திரம், மடம், மரத்தடி எங்கும் வண்டியும் ஜனமும். நீர்மோர்ப் பந்தலில் இரண்டு சொம்பு மோர் குடித்துவிட்டுக் கொட்டகையை விசாரித்துக்கொண்டு போனார்கள். விசாரிக்க வேண்டியதே இல்லை. சுவருக்குச் சுவர் நோட்டீஸ். அம்மாவாசிக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். "ஓ... டைப்... பட்டி" என்று நடுத்தெருவில் நின்று படித்தான். ஊர்ப் பேரை மதுரைச் சுவரில் பார்த்ததும் அவன் கோபத்தில் கால்வாசி அங்கேயே இறங்கிவிட்டது என்று பிற்பாடு அவனே சொன்னான்.

வெளியூர் ஜனம் இருட்டுக்கு முன்னே வண்டி கட்ட வேண்டுமே என்று, திருவிழாவுக்காகக் கம்பெனிக்காரர்கள் பொழுதோடு ஒரு ஆட்டம் வைத்திருந்தார்கள். ஆளைப் பார்க்கக் கம்பெனி வீட்டுக்குப் போனால், வேஷம் கட்டப் போயாச்சு, காலையில் வா என்றார்கள். ஆகவே தரை டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். பொம்பிளைகளுக்குத் தட்டி கட்டித் தனி இடம். மாயக்காள் பிள்ளையோடு மணலில் உட்கார்ந்தாள். தகரக் கூரை அனலாய்க் கொதித்தது. பனையோலை விசிறி ஆயிரம் ஆடியது.

ஒரு வியாபாரி கப்பலேறிப் போகிறான், போன இடத்தில் மறந்துவிடுகிறான், பெண்சாதி காத்திருக்கிறாள். கதை அவ்வளவுதான். முதலில் ராஜபார்ட் வந்து தொண்டை கிழியப் பாடினான். கோமாளி வந்தான். பிறகு திரை விலகி, சரிகைச் சேலையும் ஒட்டியாணமுமாக ஒரு பொம்பிளை வந்தபோது கொட்டகை கொந்தளித்தது. மாயக்காளுக்கு அடையாளம் தெரியவில்லை. கழுத்தைத் திருப்பினதில்தான் தெரிந்தது. பாட்டு, வசனம், சிரிப்பு எல்லாம் நன்றாக இருந்தன. அவள் ஒரு புதுப் பொம்பிளையைப் பார்க்கிறது மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழகாக இருக்கிறாள் என்றுகூட நினைத்தாள்.

கப்பல் போய் வருஷமாகிவிட்ட கட்டம் வந்தது. ஆர்மோனியம் நின்றது. அந்தப் பொம்பிளை நகையெல்லாம் கழற்றிவிட்டாள். கூந்தலை அவிழ்த்துவிட்டாள். பலகையில் எழுதி நிறுத்தியிருந்த வாசற்படிக்கு வந்து, நிலையில் தோளைச் சாய்த்தாள். இடது காலை எடுத்து வலது பாதத்தின்மேல் வைத்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். எட்டிப் பார்க்கவில்லை. யாரோ வருகிற சத்தம் கேட்டதுபோல் கழுத்து மட்டும் கொஞ்சம் நீண்டது. வருகிறது அவன் அல்ல என்று தெரிந்ததும் தன்னையே கேலி செய்துகொள்கிற மாதிரி உதட்டோரம் ஒரு அசைவு. பாட்டு இல்லை, வசனம் இல்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு விசிறி ஆடவில்லை.

"ஆத்தா, அங்கன பாரு" என்றாள் முத்துப்பேச்சி. "நீ நிக்கிற."

மாயக்காள் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். பிள்ளை சொல்லுகிற வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை. தான் நிற்கிறதைத் தான் எங்கே பார்த்திருக்கிறாள்? ஆனால் விரலில் முந்தானை இறுகுவது அவளுக்குத் தெரியும். பாதத்தின்மேல் பாதம் வைத்தால் வருகிற அந்தக் குளிர்ச்சி தெரியும். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "பாவி, வந்து தொலையமாட்டேங்கிறானே" என்று யாரையோ வைதாள். அதற்குள் ஆண்கள் பக்கம் "ஒன்ஸ்மோர்" என்று ஒரு குரல். தொடர்ந்து கொட்டகையே கத்தியது. ஆர்மோனியக்காரன் தலையை ஆட்டினான். அந்தப் பொம்பிளை உள்ளே போய், மறுபடி வந்து, மறுபடி நிலையில் சாய்ந்து, காலைத் தூக்கிப் பாதத்தில் வைத்தாள்.

மாயக்காள் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கம்பெனி வீட்டில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் யாரோ ஒருவன் பாட்டுச் சாதகம் பண்ணினான், இன்னொரு மூலையில் ராஜபார்ட் கோவணத்தோடு பல் விளக்கிக்கொண்டிருந்தான். பின்கட்டில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து குருசாமி தலை காயவைத்துக்கொண்டிருந்தான். காதோரத்தில் அரிதாரம் சரியாகப் போகவில்லை. மகளைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து தூக்கிக்கொண்டான். கண்ணைப் பார்த்தான், கன்னத்தைப் பார்த்தான், கீழே இறக்கிவிட மனசில்லாமல் இறக்கிவிட்டான்.

"எப்ப வந்தீக? ஆட்டம் பாத்தீகளா?"

"பாத்தம் மாப்ள" என்றான் அம்மாவாசி. துண்டு தோளில் ஒழுங்காகத்தான் கிடந்தது. "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நாங்க அதுக்கு வரல. வீரபாண்டித் திருவிழா சாட்டியாச்சு."

குருசாமி சீப்பை எடுத்து முடியில் ஓட்டத் தொடங்கினான்.

"அண்ணே, புள்ளைக்கி ஒரு மிட்டாய் வாங்கிக் குடு" என்றாள் மாயக்காள்.

"நான் இருந்து ரெண்டு வார்த்த..."

"வாங்கிக் குடுண்ணே."

போகும்போது அவன் தங்கச்சியிடம் குனிந்து, "அந்த ஒன்ஸ்மோரு மொதல்ல கேட்டது நான்தான். எம் பக்கத்துல இருந்தவன் அழுதான், எனக்கும் தாங்கல" என்று சொல்லிவிட்டுப் போனான். கழுத்தில் துண்டு போட வந்தவன் பேச்சு அது.

மாயக்காள் புருஷன் கையிலிருந்த சீப்பை வாங்கினாள். அவன் கல்லில் திரும்பி உட்கார்ந்தான். வீட்டில் அவள்தான் சீவிவிடுவாள். ஆகவே இருவருக்கும் இது பழக்கம்.

"சிக்கு விழுந்து கெடக்கே. யாரு சீவிவிடுறா?"

"யாரு சீவுவா? நானேதான்."

நுனியிலிருந்து ஆரம்பித்துச் சிக்கெடுத்தாள். முடி சாம்பிராணி வாசம் அடித்தது. எத்தனை மாசமாயிற்று. விரல் உள்ளே போனதும் முடியை அள்ளி ஒருதரம் மோந்தாள். கேட்க வந்ததைக் கேட்காமலே போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"நேத்து அங்கன நின்னது நான்தான?"

அவன் திரும்பப் பார்த்தான், முடி அவள் கையில் இருந்தது.

"பேச்சி கண்டுபிடிச்சிட்டா" என்றாள்.

"தப்பா இருந்துச்சா?"

"ஒரு தப்புமில்ல. கால்மேல கால வைக்கிறது, முந்தானையச் சுத்துறது. நான் அப்பிடி நிக்கேன்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீக ஓடைய விட்டு ஏறுறதக் கண்டா நான் தண்ணி காயவைக்க உள்ள ஓடிருவேனே. நான் நின்னு நீக பாத்ததே இல்லையே."

அவள் சீப்பை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓடைக்கி அந்தப் பக்கம் ஒடமுள்ளு மரம் நிக்கும் பாரு. ஆனியில வரையில அங்கன நின்னு உன்னையப் பாப்பேன்."

"எம்புட்டு நேரம்?"

"கொஞ்ச நேரம்."

"எம்புட்டு நேரம்னு கேக்கேன்."

"மொத வருசம் கொஞ்ச நேரந்தான் மாயி. வந்தேன், நீ நின்ன, பாத்துக்கிட்டே இருக்கணும் போல இருந்துச்சு. கூப்பிட்டா உள்ள ஓடிருவ. அதான் கூப்பிடல. அப்பறம் இந்த நாடகம் எடுத்தாக. போன வருசம்..." நிறுத்தினான். "போன வருசம் பொழுது மசங்குற வரைக்கும் நின்னேன்."

"பஸ்சு பிந்திப்போச்சுன்னீக."

"சொன்னேன்."

"அந்த பஸ்சுக்காரன வாயில வந்தபடி வைதேனே. அவன் குடும்பத்தையெல்லாம் வைதேனே."

சீப்பு நின்றுவிட்டது. குருசாமி திரும்பினான். வேஷமில்லாத முகம் ஒடுங்கி, வயசாகிப் போயிருந்தது.

"மாயி, கேளு. எத்தனையோ பேரு பொம்பள வேசம் கட்டுறாக. எல்லாரும் மாரடிச்சு அழுறாக, உருண்டு பொரண்டு அழுறாக. காத்துக்கெடக்குறது எப்பிடியிருக்கும்னு ஒருத்தருக்கும் தெரியல. எனக்குத் தெரியும். உன்னையப் பாத்துத்தான் தெரியும். இந்த மதுரை ஊரே பாத்து அழுகுதே, நீ பாத்தயில்ல?"

"ஊரு அழுகட்டும். நீக ஓடையத் தாண்டி வந்திருந்தா எனக்குப் போதும்."

அவள் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனும் ஏதாவது சொல்லியிருப்பான். ஒரு பொழுது சாய்கிற நேரம் முழுக்கத் தான் தவித்ததை இவன் நூறடி தூரத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. வராததைக்கூட மன்னித்துவிடுவாள். வந்தும் வராமல் நின்றானே.

"கெளம்புங்க, வீரபாண்டிக்கி" என்றாள். "அவளுக்குச் சொன்னதக் குடுத்துரணும்."

"முடி போனா இங்கன எனக்கு எடமில்ல மாயி."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் நேந்தயா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"அன்னைக்குத் தெரியாது. இன்னைக்குத் தெரிஞ்சுதான் கூப்பிடுறேன்."

அவன் கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தான். முதலாளி குதித்தார். சீசன் உச்சத்தில் இப்படிச் செய்யலாமா, ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேனே என்றார். அம்மன் காரியம் என்றதும் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அவர்கள் படியிறங்கும்போது, "மொட்டத் தலையோட இங்க வந்துறாதய்யா" என்று சொல்லத்தான் செய்தார்.

சித்திரைக் கடைசிச் செவ்வாயில் வீரபாண்டியைச் சொல்ல வேண்டுமா. முல்லையாற்றில் கால் வைக்க இடமில்லை. கரை நெடுக அடுப்பு, பொங்கல் புகை, அக்கினிச்சட்டிப் புகை, வேப்பிலை வாசம். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பொம்பிளைகள் ஈரச் சேலையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆற்றோரத்தில் வரிசையாக நாவிதர்கள். குருசாமி போய்க் குத்தவைத்துக் கொண்டையை அவிழ்த்தபோது அந்த நாவிதன் கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டான்.

"எத்தன வருசத்து முடிங்கய்யா?"

"கத்தியப் போடும்" என்றான் குருசாமி.

முதல் கொத்து மணலில் விழுந்தபோது மாயக்காளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்வானேன். தெய்வக் கடன் தீர்ந்தது, ஆளும் தனக்கு ஆயிற்று என்று இருந்தது. கோயில்காரர்கள் கூந்தலைத் தாம்பாளத்தில் வைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவன் ஆற்றில் முங்கி எழுந்து தலையில் சந்தனம் பூசிக்கொண்டான். பொங்கலை இறக்கி, சாமி கும்பிட்டு, பிள்ளைக்குச் சவ்வு மிட்டாய் வாங்கித் திரும்பிப் பார்த்தால் அவனைக் காணவில்லை. கடைவீதி முழுக்க ஆண்கள், முழுக்க மொட்டை, எல்லா மொட்டையிலும் சந்தனம். மாயக்காள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். இரண்டு பேரை அவன் என்று நினைத்துக் கிட்டே போய்த் திரும்பினாள். கடைசியில் வளையல் கடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தவன்தான், "இங்கன இருக்கேன்" என்றான். அவள் அவனைத் தாண்டிப் போயிருந்தாள்.

அந்த ஆனியில் அவள் வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஆடியில் விதைத்தான். ஐப்பசியில் கரை வெட்டினான். மாட்டுக்கு லாடம் அடித்தான், கூரைக்குப் புது ஓலை மாற்றினான். அம்மாவாசி சந்தையில் தலை நிமிர்ந்து நடந்தான். பிள்ளைக்குக் கண் பளிச்சென்று இருந்தது. "இனி உனக்கு என்ன கொற" என்றாள் பஞ்சம்மாள். ஒரு குறையுமில்லை. சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்வான், போட்டதைத் தின்பான், கேட்டதற்குப் பதில் சொல்வான். பாடமாட்டான். யாராவது பாடச் சொன்னால் தொண்டை சரியில்லை என்பான். சோற்று வட்டிலை மாற்றி வைத்தால்கூட ஏன் என்று கேட்கமாட்டான்.

தை வந்தது. பொங்கல் கழிந்து மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவன் மாடு பூட்டிக் கமலை இறைத்தான். அவள் பாத்தியில் மண்வெட்டியோடு நின்று மடை மாற்றிவிட்டாள். நாலு பாத்தி நிரம்பியது. அஞ்சாவது பாத்தியில் பாதிக்கு வந்த தண்ணீர் மேலே வரவில்லை. வாய்க்கால் எங்கேயாவது உடைந்துவிட்டதோ என்று பார்த்துக்கொண்டே கிணற்றுக்கு வந்தாள். வாய்க்கால் நன்றாக இருந்தது. மாடுகள் கமலை இறங்கும் வாரியின் கீழ்க்கோடியில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. கமலை வடத்தில் கை வைத்தபடி அவன் கிழக்கே பார்த்து நின்றான். கிழக்கே ஒன்றுமில்லை, வெயிலும் பொட்டலுந்தான். கூட நடித்தவர்கள் எல்லாம் இந்நேரம் கொட்டகைக்கு முகூர்த்தக்கால் நட்டிருப்பார்கள்.

அவள் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. மதுரையில் அவ்வளவு ஜனத்துக்கு முன்னால் அவன் காட்டினது அவள் நிற்பு. இது அவனுடைய சொந்த நிற்பு. பார்க்க இவள் ஒருத்திதான் இருந்தாள். இதற்கு அர்த்தம் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போல் இருந்தது. அப்படித் தோன்றியதும் அவளுக்குத் திடுக்கென்றது. உடனே தொண்டையைச் செருமினாள்.

"தண்ணி நின்னுபோச்சே."

"ஆங். மாடு நின்னுருச்சு" என்று அவன் மாட்டை அதட்டினான்.

வெள்ளிக்கிழமை அவள் வெள்ளெனவே ஓடைக்கரைக்குப் போய் ஒரு மடி கரிசலாங்கண்ணி பறித்துக்கொண்டு வந்தாள். இடித்துச் சாறு பிழிந்து, தேங்காயெண்ணெயில் விட்டு, சடசடப்பு அடங்குகிறவரை அடுப்படியிலேயே உட்கார்ந்து காய்ச்சினாள். என்ன வாசம் என்று எட்டிப் பார்த்த பஞ்சம்மாளுக்கு, தனக்குத் தலை கொதிக்கிறது என்று சொன்னாள். எண்ணெய் ஆறினதும் கிண்ணியில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இங்கன வந்து உக்காருங்க."

"எதுக்கு?"

"எண்ணெ வைக்கணும்."

அவன் வந்து அவளுக்கு முன்னால் உட்கார்ந்தான். முடி காதை மறைக்கிற அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. அவள் உச்சியில் ஊற்றி, விரல் நுனியால் தோல் சூடேறும்படி தேய்த்தாள்.

"பழையபடி வளர எத்தன வருசம் ஆகும் தெரியுமா?" என்றான் அவன்.

"ஆகட்டும்."

அவள் கிண்ணியைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"வளந்துருச்சுன்னா நான் போயிருவேன் மாயி."

"போங்க" என்றாள். விரல் நிற்கவில்லை. "வரும்போது மட்டும் நேரா வீட்டுக்கு வாங்க."

அவன் தலையை ஆட்டினான்.

"ஆட்டாதீக. எண்ணெ கண்ணுல போகும்."